எண்பத்தாறாவது பெயர்

உக்காருங்க சார், இது யாரோட சீட்டும் இல்ல. என் பக்கத்துல உக்கார வேண்டியவ முன்னாடி மூணாவது வரிசையில உக்காந்திருக்கா. மாம்பழக் கலர் புடவை, தலையில கனகாம்பரம். ஆமா, என் வீட்டுக்காரிதான். மங்கை. சண்டையான்னு கேக்கறீங்களா? சண்டைன்னா ரெண்டு பேரும் பேசணும்ல.

நீங்க எதுவரைக்கும்? கடலூரா. நான் பல்லாவரம். திருக்கடையூர்ல ஏறினேன். இந்த மாலைத் துணுக்கு, தாம்பூலப் பை எல்லாம் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பீங்க. அறுபதாம் கல்யாணம். ஐயோ, எனக்கில்ல சார். எனக்கு இன்னும் அறுபது வரலை. வரலைங்கறதுதான் விஷயமே.

நீங்க எங்க வேலை பார்க்கறீங்க? ஈ.பி.யா. அப்ப நல்லதாப் போச்சு. சீனியாரிட்டின்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. வெளியில இருக்கிறவங்ககிட்ட சொன்னா, ஒரு நம்பர் முன்னப் பின்ன இருந்தா என்ன சார்ம்பாங்க. அந்த ஒரு நம்பரோட அருமை நமக்குத்தான் தெரியும்.

நான் ஏர்லைன்ஸ்ல இருந்தேன். உடனே பைலட்டான்னு பார்க்காதீங்க. ஹேங்கர்ல மெக்கானிக். விமானத்துக்கு டயர் மாத்துறது, பிரேக் பார்க்கறது, எண்ணெய்க் கறையோட வீட்டுக்குப் போறது. மீனம்பாக்கத்துல அப்ப ரெண்டு தனியார் கம்பெனி. எங்களோடது வால்ல நீலப் பெயின்ட் அடிச்சிருக்கும், அவங்களோடது சிவப்பு. கம்பெனி பேரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டாங்க. நீலவால், சிவப்புவால், அவ்வளவுதான். பதினாலு வருஷம் ஒரே டீக்கடையில டீ குடிச்சோம். அவங்க பெஞ்சுல நாங்க உக்கார மாட்டோம், எங்க பெஞ்சுல அவங்க உக்கார மாட்டாங்க.

ஒரு நாள் காலையில பேப்பரைப் பார்த்தா நீலவால் சிவப்புவாலை வாங்கிடுச்சு. முதலாளிங்க ரெண்டு பேரும் மாலை போட்டுக் கை குலுக்கறாங்க. விமானத்துக்குப் பெயின்ட் அடிச்சுடலாம் சார், ஒரு வாரம் போதும். ஆளுங்களை என்ன பண்றது? எங்ககிட்ட ஒரு சீனியாரிட்டி பட்டியல், அவங்ககிட்ட ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணாக்கணும். எந்த ஷிப்ட் வேணும், எந்த மாசம் லீவு வேணும், யார் மேல ஏறுவான், ஆள் கூடிப்போச்சுன்னா யாரை வெளியூருக்கு அனுப்புவான், எல்லாமே அந்தப் பட்டியல்தான். முதல் ஆள் முதல்ல எடுத்துக்குவான். கடைசி ஆளுக்கு மிச்சம் இருக்கிறது.

ரெண்டு சங்கமும் கமிட்டி போட்டுச்சு. இந்தப் பக்கம் மூணு பேர், அந்தப் பக்கம் மூணு பேர், நடுவுல தொழிலாளர் துறையில ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால எல்லாரும் கத்தித்தான் பேசணும், அதுல பாதிக் கோபம் தானா வந்துடும். எங்க பக்கத்துல நான் இணைச் செயலாளர். கோதண்டம்னா அப்ப ஒரு பேர் உண்டு சார். பேச எழுந்தா ஹேங்கரே அமைதியாயிடும். பெருமைக்குச் சொல்லலை. இப்ப நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

சிவப்புவால் பக்கம் வந்த மூணு பேர்ல ஒருத்தர் சிங்காரவேலு. மாயவரத்துக்காரர். ஒல்லியா, சிரிச்ச முகமா இருப்பார். இன்னைக்கு அறுபது முடிஞ்சது அவருக்குத்தான்.

பல்லாவரத்துல ஒரு ஹோட்டல் மாடியில கூடினோம். ஒன்பது தடவை. முதல் நாளே எங்க ஆள் ஜெயசீலன் மேஜையைத் தட்டினான். "வாங்கினது நாங்க. எங்க லிஸ்ட் முழுசா முதல்ல வரட்டும். அவங்களை அப்படியே வால்ல ஒட்டுங்க!" சிங்காரவேலு சிரிச்சுக்கிட்டே கேட்டார்: "பொண்ணு எடுத்துட்டீங்க, சரி. அதுக்காகச் சம்பந்திங்க எல்லாரையும் கொல்லைப் பக்கமா உக்கார வச்சா இலை போடுவீங்க?" நடுவருக்கு இலைன்னு மட்டும்தான் காதுல விழுந்துச்சு. "சாப்பாடு ஒரு மணிக்கு, பொறுங்க"ன்னார். எல்லாரும் சிரிச்சுட்டோம். ஜெயசீலன்கூடச் சிரிச்சான்.

இதை நான் சொல்லியே ஆகணும் சார். வால்ல ஒட்டுறதை எதிர்த்து முதல்ல பேசினவன் நான்தான். ரெண்டு கம்பெனியா இருந்தாலும் அவன் முதுகு வலியும் நம்ம முதுகு வலியும் ஒண்ணுதான், வேலைக்குச் சேர்ந்த தேதி எதுவோ அதுப்படி வரிசைப்படுத்துவோம்னு நான்தான் சொன்னேன். எங்க ஆளுங்களே என்னைத் துரோகின்னாங்க. வண்டிக் காத்தைப் பிடுங்கி விட்டாங்க. நான் அசையலை. ஏழாவது கூட்டத்துல சேர்ந்த தேதிதான் கணக்குன்னு முடிவாச்சு. அதுவரைக்கும் நான் நல்லவன்தான் சார். ஏழாவது கூட்டம் வரைக்கும்.

எட்டாவது கூட்டத்துல ஒரு சிக்கல். ஒரே தேதியில சேர்ந்தவங்களை என்ன பண்றது? எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஆள் எடுக்கறது ஒண்ணாம் தேதிதானே. ரெண்டு பட்டியலையும் சேர்த்தா முப்பத்தோரு இடத்துல தேதி முட்டுது. நானும் ஒரு நவம்பர் ஒண்ணாம் தேதி சேர்ந்தவன். சிங்காரவேலுவும் அதே நவம்பர் ஒண்ணு. அந்தத் தேதியில நாங்க ரெண்டே பேர்தான். ஒருத்தருக்கு எண்பத்தாறு, ஒருத்தருக்கு எண்பத்தேழு.

சிவப்புவால்காரங்க, சீட்டுக் குலுக்கிப் போடுவோம்னாங்க. பிஸ்கட் டப்பாவுல பேரை எழுதிப் போட்டு, டீ கொண்டு வர்ற அம்மாவை எடுக்கச் சொல்லுவோம்னாங்க. நியாயம்தானே? ஆளுக்குப் பாதி வாய்ப்பு. அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணலாம்னு கலைஞ்சோம்.

ஒன்பதாவது கூட்டத்துல நான் எழுந்தேன்.

"ஒரு மனுஷனோட மிச்ச வாழ்க்கையை பிஸ்கட் டப்பாவுக்குள்ள போட்டுக் குலுக்குவீங்களா தோழர்களே? ஒரே நாள்ல ரெண்டு பேர் சேர்ந்திருந்தா யார் முதல்ல? நம்ம வீட்டுல என்ன பண்றோம்? பந்தியில யாரை முதல்ல உக்கார வைக்கிறோம்? மூத்தவனைத்தானே? பிறந்த தேதியைப் பாருங்க. மூத்தவன் முன்னாடி நிக்கட்டும், இளையவன் பின்னாடி நிக்கட்டும். இதுல நீலமும் இல்ல, சிவப்பும் இல்ல."

கை தட்டினாங்க சார். ரெண்டு பக்கமும். நடுவர் காதுக்குப் பின்னால கையை வச்சுக் கேட்டுட்டு, "நல்ல பேச்சு"ன்னு எழுதியே வச்சுக்கிட்டார். பட்டியல்ல பிறந்த தேதின்னு ஒரு கட்டம் உண்டு. எனக்கு ஜூன் பத்து. சிங்காரவேலுக்கு அதே வருஷம் ஆகஸ்ட் இருபத்துநாலு. எண்பத்தாறு நான், எண்பத்தேழு அவர்.

அவர் மேஜையைச் சுத்தி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அதுவரைக்கும் கோதண்டம் சார்னுதான் கூப்பிடுவார். "இத்தனை பேருக்கு நியாயம் சொன்னீங்க. இனிமே நீங்க எனக்கு அண்ணன்"னார். அன்னைக்கு ஆரம்பிச்சது. அண்ணே, டீ சாப்பிட்டீங்களா. அண்ணே, அந்த ஸ்பேனரைக் குடுங்க. பதினாறு வருஷமா அண்ணே அண்ணேன்னு.

எனக்கு ஜூன் பத்து இல்ல சார்.

நான் பொறந்தது அடுத்த வருஷம் தை மாசம், மக நட்சத்திரம். ஜாதக நோட்டுல இருக்கு. அவரை விட அஞ்சு மாசம் சின்னவன். அந்தக் காலத்துல எல்லாருக்கும் நடந்ததுதான். அஞ்சு வயசு முடியலை, பள்ளிக்கூடத்துல சேர்க்க முடியாதுன்னாங்க. வீட்டுல வச்சுக்க முடியாதுன்னு எங்கப்பா நின்னார். ஹெட்மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு ஜூன் பத்துன்னு எழுதிக்கிட்டார். எங்க வகுப்புல பாதிப் பேருக்கு ஜூன்ல பொறந்தநாள் சார்! ஒரே ஊர்ல அத்தனை பிள்ளைங்களும் ஜூன் மாசமாப் பார்த்தா பொறக்கும்? சிங்காரவேலு அப்பா தபாலாபீஸ்ல இருந்தவர். மாயவரம் ஆஸ்பத்திரியில பொறந்த தேதி எதுவோ அதையே கொடுத்திருக்கார். தினமும் தேதி முத்திரை குத்துற கை, பொய்த் தேதி சொல்லுமா?

அந்தத் தேதியால எனக்கும் நஷ்டம்தான், அதையும் சொல்லிடறேன். ஏழு மாசம் முன்னாடியே ரிட்டயர் ஆனேன். யாராவது அதைப் பேசறாங்களா? சரி, விடுங்க. அது இப்ப எதுக்கு.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்தட்டுமா? வெயில் மூஞ்சியில அடிக்குது. கொள்ளிடம் தாண்டிட்டோம் போல.

ஒரு நம்பர்தானே சார். நான் அப்ப அப்படித்தான் நினைச்சேன். சத்தியமா நான் ஆசைப்பட்டது தீபாவளி லீவுக்குத்தான். ஷிப்ட் எடுக்கற நாள்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரும். போர்டு முன்னாடி வரிசையா நிப்போம். நான் என்னோடதை எடுத்துட்டுப் பேனாவை அவர் கையில குடுப்பேன். காலை ஷிப்ட்ல ஒரே ஒரு இடம் மிச்சம் இருக்கும், அதை நான் எடுத்திருப்பேன். அவர் பேனாவை வாங்கிக்கிட்டு, "அண்ணன் எடுத்தா சரி"ம்பார். கிண்டலா இல்ல சார். நிஜமாவே சொல்லுவார். அதுதான் தாங்காது.

மூணு வருஷம் கழிச்சு கம்பெனி சென்னை ஹேங்கரைச் சுருக்கிச்சு. இத்தனை பேர் இங்க வேண்டாம், மேலேர்ந்து எண்ணி வர்ற ஆள் இருக்கட்டும், மிச்சம் எல்லாம் கௌஹாத்திக்குப் போகட்டும்னாங்க. எத்தனை பேர் இருக்கட்டும்னாங்கன்னு சொல்லுங்க பார்க்கலாம்.

ஆமா சார். எண்பத்தாறு.

நோட்டீஸ்ல எண்பத்தாறுக்குக் கீழ ஸ்கேல் வச்சு ஒரு கோடு போட்டிருந்தான். கோட்டுக்கு மேல கோதண்டம். கோட்டுக்குக் கீழ சிங்காரவேலு. என் பக்கத்துல நின்னு அவரும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என் தோள்ல கையை வச்சு, "நல்ல வேளை அண்ணே, நீங்க தப்பிச்சீங்க. உங்களுக்குக் குளிர் ஆகாது"ன்னார்.

அப்பவாவது சொல்லியிருக்கலாம். கம்பெனிகிட்ட, கமிட்டிகிட்ட எல்லாம் போக வேண்டாம். அவர்கிட்ட மட்டும். ஆனா சொல்லி என்ன பண்றது சார்? பட்டியல் ஒப்பந்தமாயிடுச்சு. சர்டிபிகேட் தேதியைத் திருத்த கோர்ட்டுக்குப் போகணும். ஒண்ணைத் தொட்டா முப்பத்தோரு இடமும் ஆடும். நான் அதைத்தான் யோசிச்சேன். சங்கத்தோட ஒற்றுமை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், பல நாள்.

நாலு வருஷம் அங்க இருந்தார். அவர் சம்சாரம் தேன்மொழி, கணக்கு டீச்சர். பம்மல்ல வேலை, அனகாபுத்தூர்ல வீடு. வேலையை விட்டுட்டுப் போக முடியாது. பொண்ணு இலக்கியா அப்ப ஆறாவது. அதனால அவர் மட்டும் தனியாப் போனார். நான் சும்மா இருக்கலை சார். வாரத்துக்கு ஒரு தடவை அவங்க வீட்டுக்குப் போவேன். கேஸ் புக் பண்ணுவேன், பொண்ணைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவேன். "பெரியப்பா வந்துட்டார்"னு அந்தப் பொண்ணு கேட்டைத் திறக்க ஓடி வரும். பெரியப்பா! அப்பாவை விட அஞ்சு மாசம் சின்னவனை!

அப்புறம் அந்த வெள்ளம். அடையாறு பொங்கி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? டீச்சரும் பொண்ணும் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில ரெண்டு ராத்திரி. அவர் கௌஹாத்தியிலேர்ந்து எனக்குப் போன் பண்ணி, "அண்ணே, எனக்கு அங்க உங்களை விட்டா யாரும் இல்ல"ன்னு அழுதார். ஏர்போர்ட்டே மூடிக் கிடக்கு, அவர் எப்படி வருவார்? நான் மூணாவது நாள் போனேன். முழங்கால் தண்ணியில பால் பாக்கெட், மெழுகுவத்தி எல்லாம் தூக்கிக்கிட்டுப் போனேன் சார். அந்தப் பொண்ணு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடலை. ரொம்பப் பேர்கிட்ட இதைச் சொல்லியிருக்கேன், பால் பாக்கெட் தூக்கிட்டுப் போனதை. அந்த மாடியில அவங்க அப்பா இருந்திருக்கணும்ங்கறதை மட்டும் சொல்ல மாட்டேன்.

சரி, இன்னைக்கு நடந்ததுக்கு வர்றேன்.

போன மாசம் அவர் பத்திரிகை வைக்க வந்தார். தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, ரெண்டு பேருமா வந்தாங்க. "அண்ணே, எங்கப்பா அம்மா இல்ல. என் பக்கம் மூத்தவங்கன்னு நீங்கதான். கலசத் தண்ணி முதல்ல நீங்கதான் ஊத்தணும். உங்க கால்ல விழுந்துதான் நாங்க மாலையே மாத்திக்குவோம்." அப்புறம் உரிமையாக் கோவிச்சுக்கிட்டார். "உங்க அறுபதை மட்டும் எங்களுக்குச் சொல்லாம முடிச்சுட்டீங்களே, ஜூன்லயே வந்திருக்குமே"ன்னார். நான் உடம்பு சரியில்லை, வேண்டாம்னு விட்டுட்டோம்னு ஏதோ சொன்னேன். மங்கை அப்ப உள்ள காபி போட்டுக்கிட்டு இருந்தா. அவளுக்குக் கேக்கலை.

அவளுக்கு என் சீனியாரிட்டி கதை எதுவும் தெரியாது சார். என் ஜாதகம் தெரியும். அவ்வளவுதான்.

இன்னைக்குக் காலையில கோயில்ல கூட்டம்னா கூட்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கழுத்துல மாலையோட கிழவன் கிழவி. என்னை முன்னாடி கூப்பிட்டு நிறுத்தினாங்க. சொம்பைக் கையில குடுத்தாங்க. ஊத்தினேன். ஒரே வீச்சுல முழுச் சொம்பையும் கவுத்துட்டேன். அவருக்குக் காதுக்குள்ள தண்ணி போய், "அண்ணே, டயர் கழுவற மாதிரி ஊத்தாதீங்க"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. ஈரத்தை மாத்திக்கிட்டு வந்து, ரெண்டு பேரும் என் முன்னாடி நின்னாங்க. என்ன பண்ணப் போறாங்கன்னு தெரியும். ஒரு மாசமாத் தெரியும். குனிஞ்சு தோளைப் பிடிச்சுத் தடுத்திருக்கலாம். இடுப்பு வலி, குனிய முடியலை. இல்ல சார், இடுப்பு நல்லாத்தான் இருந்துச்சு. நான் தடுக்கலை, அவ்வளவுதான்.

விழுந்தார். பட்டுவேட்டி தரையில படிய, முழுசா. வழுக்கை விழுந்த உச்சந்தலை என் கால் விரலுக்கு நேரா இருக்கு. நான் அட்சதையைப் போட்டு, "தீர்க்காயுசா இருங்க"ன்னேன். குரல்கூட நல்லாத்தான் வந்துச்சு. மேடைப் பேச்சுக்காரன் குரல்.

பந்திக்குப் போனோம். இலை போட்டாச்சு. தேன்மொழி டீச்சர் ஒவ்வொரு இலையாப் பார்த்துக்கிட்டு வந்தாங்க. மங்கை அவங்க கையைப் பிடிச்சு நிறுத்தினா. ஆசையா, ரொம்ப ஆசையாத்தான் சொன்னா: "இவருக்குத் தையில வருது அறுபது. இங்கேயேதான் வச்சிருக்கோம். நீங்க ரெண்டு பேரும் முதல் நாளே வந்துடணும்."

டீச்சர் சிரிச்ச முகம் மாறாமக் கேட்டாங்க. "எந்தத் தை?"

"வர்ற தைதான்."

கணக்கு டீச்சர் சார். விரல் விட்டு எண்ண வேண்டியதே இல்ல. அப்படியே நின்னாங்க. எனக்கு முன்னாடி இலையில பாயசம் ஓடுது, அதைத் தடுக்கக்கூடக் கை வரலை.

பின்னாடி வந்த சிங்காரவேலு காதுலயும் விழுந்துடுச்சு. அவர் என்ன பண்ணினார் தெரியுமா? விழுந்து விழுந்து சிரிச்சார். "அட, சர்டிபிகேட் தேதியா! அப்ப இத்தனை நாளா என் தம்பியையா நான் அண்ணன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்? டேய் தம்பி, எழுந்திரு! விழு கால்ல, குடுத்த ஆசீர்வாதத்தைத் திருப்பி வாங்கிக்க!" பந்தி முழுக்கச் சிரிப்பு. நான் நிஜமாவே எழுந்தேன் சார். எச்சில் கையோட குனியப் போனேன். அவர் என் தோளைப் பிடிச்சுத் தூக்கி, "அட விடுங்கண்ணே, விளையாட்டுக்குச் சொன்னேன்"ன்னார். தடுக்கத் தெரிஞ்ச மனுஷன். தோளைப் பிடிச்சு எப்படித் தடுக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

டீச்சர் சிரிக்கலை. எல்லாரும் சிரிச்சு முடிக்கற வரைக்கும் காத்திருந்துட்டு, தணிஞ்ச குரல்ல என்னைக் கேட்டாங்க. "அன்னைக்குக் கமிட்டியில மூத்தவன் முன்னாடி நிக்கட்டும்னு பேசினீங்களே. பேசறப்ப இது உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

அவ்வளவுதான் கேட்டாங்க.

நான், "அதெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்கும். சர்டிபிகேட் தேதியே பழகிப் போச்சு"ன்னேன். அவங்க "சரி"ன்னாங்க. பக்கத்து இலைக்குப் போயிட்டாங்க. அவர், "ஏய், அண்ணனைச் சாப்பிட விடு"ன்னு சத்தம் போட்டார். அதுக்கு மேல நான் சாப்பிடலை. மடிச்சு வச்சுட்டு எழுந்துட்டேன்.

மங்கை அப்பத்தான் என்னைப் பார்த்தா. பஸ்ஸுக்கு நிக்கிறப்பக் கேட்டா: "பல்லாவரம் வீட்டுல ஒரு சாயங்காலம் ஒரு லிஸ்ட்டை விரிச்சு வச்சு, என் டிரங்குப் பெட்டியிலேர்ந்து உங்க ஜாதக நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு என்னமோ எண்ணிக்கிட்டு இருந்தீங்களே. நான்கூட என்ன எண்ணுறீங்கன்னு கேட்டேன். சும்மான்னீங்க." நான் பஸ் வருதான்னு ரோட்டைப் பார்த்தேன். பஸ் வந்துச்சு. அவ ஏறிப்போய் ஒரு அம்மா பக்கத்துல உக்காந்துட்டா.

இப்ப உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். எட்டாவது கூட்டத்துக்கும் ஒன்பதாவது கூட்டத்துக்கும் நடுவுல அந்தச் சாயங்காலம். ஜாதகப்படி போனா நான் எண்பத்தேழு. சர்டிபிகேட்படி போனா எண்பத்தாறு. சீட்டுக் குலுக்கினா எது வேணா வரலாம். பாதி வாய்ப்பு எனக்குப் போதலை. நோட்டை மூடிப் பெட்டியில வச்சுட்டு, அதுக்கப்புறம்தான் உக்காந்து அந்தப் பேச்சை எழுதினேன். பிஸ்கட் டப்பா, பந்தி, மூத்தவன். கண்ணாடி முன்னாடி ரெண்டு தடவை பேசிப் பார்த்தேன்.

இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க கடலூர்ல இறங்கிடுவீங்க. அதான் சொல்ல முடியுது.

என்ன சார்? அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறதா? பண்ணலாம்தான். என் போன் அவ கைப்பையில இருக்கு. இப்பப் போய்க் கேட்டா... வேண்டாம், வேண்டாம், உங்க போன் எதுக்கு. நம்பர் ஞாபகம் இருக்கணுமே. இருக்கு சார். வருஷக்கணக்கா டியூட்டி சார்ட்ல என் நம்பருக்கு அடுத்த வரியில இருந்த நம்பர். மறக்குமா? ஆனா இன்னைக்கு அவங்களுக்கு நல்ல நாள். நல்ல நாள் அதுவுமா...

குடுங்க.

அடிக்குது. இந்நேரம் மண்டபத்தைக் காலி பண்ணிக்கிட்டு இருப்பாங்க. எடுக்க மாட்டாங்கன்னு நினைக்கறேன்.

ஹலோ. டீச்சரா? நான்... கோதண்டம். இல்ல, பஸ்ஸுலதான். பக்கத்துல ஒருத்தரோட போன். ஆங், சிதம்பரம் தாண்டியாச்சு. கூட்டம் இல்ல. உக்காந்துதான் வர்றோம். டீச்சர், நீங்க பந்தியில ஒண்ணு கேட்டீங்களே. ஞாபகம் இருந்துச்சான்னு... இருந்துச்சு டீச்சர். தெரிஞ்சுதான் பேசினேன். முந்தின நாளே எண்ணிப் பார்த்துட்டுத்தான் பேசினேன். ஹலோ? லைன்ல இருக்கீங்களா? சரி. சரிம்மா.

என்ன சொன்னாங்கன்னா... "இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க, கௌஹாத்திக்குப் போனது நான் இல்லையே. இருங்க, அவர்கிட்ட குடுக்கறேன்"னாங்க. வாய் நிறைய அண்ணான்னு கூப்பிடுவாங்க சார். இப்ப ஒண்ணுமே சொல்லிக் கூப்பிடலை. படி ஏறுற சத்தம் கேக்குது. பாத்திரம் உருட்டற சத்தம். யாரோ சிரிக்கறாங்க. அவர்தான் சிரிக்கறார். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

கண்டக்டர் கடலூர்னாரா? உங்க ஸ்டாப் வந்துடுச்சு சார். இந்தாங்க, பிடிங்க உங்க போனை. பரவாயில்ல, பரவாயில்ல, மத்தவங்க பொருளை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் பேசறது. கட் பண்ணிட்டேன். ஹலோன்னார். சொல்லுங்கண்ணேன்னார். கட் பண்ணிட்டேன் சார். நீங்க இறங்குங்க, பை எடுத்துக்கிட்டீங்களா? ஊருக்குப் போய் என் போன்லேர்ந்து நிதானமாப் பேசிக்கறேன். இது பஸ்ஸுல பேசற விஷயமா?

பஸ் ஸ்டாண்டு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கா? யார் சொன்னா? ஓ, இது பைபாஸா.

அடிக்குது பாருங்க. அதே நம்பர்தான். எடுக்காதீங்க சார். நின்னுடும். எடுத்தா ராங் நம்பர்னு சொல்லிடுங்க. வேண்டாம், அப்படிச் சொல்லாதீங்க, அவர் நம்பிடுவார். எதைச் சொன்னாலும் நம்பிடுவார் சார், அந்த மனுஷன்.

இன்னும் அடிக்குதே.

குடுங்க சார். குடுங்க.